முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

வாசகர் கேள்வி–பதில்: பட்டறைப் பக்கம்

போன இதழில் என் 1954 செவர்லே பிக்கப்பின் படம் ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள், அதில் பலர் இருபது வயதைக்கூடத் தொடாதவர்கள். அதனால் இந்த முறை வேறு எந்த வண்டியும் கிடையாது, பழைய பிக்கப் மட்டும்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 17, ஒஹாயோவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டு கோடை விடுமுறை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பக்கத்துப் பண்ணையில் கொட்டகைக்குள் கிடந்த 1951 செவர்லே 3100 பிக்கப்பை வாங்கிவிட்டேன். இருபது வருடமாக ஓடவில்லையாம். உள்ளே இருப்பது பழைய ஆறு சிலிண்டர், 216 கன அங்குல இன்ஜின். கூரையை வெட்டித் தாழ்த்தி, 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்டு, மங்கல் கறுப்பு பெயின்ட் அடித்து ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய வண்டி) ஆக்க ஆசை. இதுவரை ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றியதில்லை. "கையைச் சுட்டுக்கொள்ளும் முன் வித்துவிடு" என்கிறார் அப்பா. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு மாணவர், ஒஹாயோ

பதில்: தம்பி, விற்காதே. நீ வாங்கியது கற்றுக்கொள்ள மிகவும் ஏற்ற வண்டி. 1947-இலிருந்து 1955 தொடக்கம் வரை இதே உடலமைப்பில் செவர்லே ஏராளமான வண்டிகளைச் செய்து விற்றது. அதனால் கதவு ரப்பரிலிருந்து தரைத் தகடு வரை எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் நீயே உள்ளே இறங்கி நிற்கும் அளவுக்கு இடம். கம்ப்யூட்டர் கிடையாது. எது எதை இயக்குகிறது என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் உன் அப்பாவிடம் சொல். ஹாட் ராட் என்பதைத் தொடங்கி வைத்ததே உன் வயதுப் பையன்கள்தான். 1930-களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பையன்கள் சில டாலருக்குக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கி, மட்கார்டு, பானட் என்று எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு சாதாரண மக்கள் வாங்கும் விலையில் 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் வி8 இன்ஜினைக் கொண்டுவந்ததும் அந்த ஆட்டம் சூடு பிடித்தது. ஓட்டங்களை முறைப்படுத்த 1937-இல் சங்கம் அமைத்தார்கள், 1949-இல் யூட்டாவின் பானவில் உப்பு வெளிக்குப் போனார்கள். காசில்லாத பையன்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. கற்றுக்கொள்ளாமல் இருந்தால்தான் கை சுடும்.

சரி, இப்போது உன் திட்டத்துக்கு வருகிறேன். மூன்று ஆசை சொல்லியிருக்கிறாய், மூன்றையும் இப்போதைக்கு எடுத்து வை. முக்கியமாக, வண்டியைப் பிரித்துப் போடாதே. நான் முதலில் வாங்கிய பிக்கப்பை ஒரே வாரத்தில் அடிச்சட்டம் (சேசிஸ்) வரைக்கும் பிரித்துவிட்டேன். வீடு மாறும்போது இரண்டு பெட்டி போல்ட்டுகள் காணாமல் போயின, எது எங்கே உட்காரும் என்பதும் மறந்துபோனது, மூன்றாவது வருடம் அதைக் குவியலாகவே விற்றேன். இன்றைக்கும் அந்த வண்டியை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. விற்பனைக்கு வரும் பழைய பிக்கப்புகளில் பாதியில் நின்றவற்றைப் பார், அநேகமாக எல்லாமே இப்படிப் பிரித்துப் போட்டவைதான். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. அதைப் பிரித்து, சரிசெய்து, திரும்பப் பூட்டிய பிறகுதான் அடுத்தது. கழற்றும் முன் போனில் படம் எடு, போல்ட்டுகளைச் சின்னப் பையில் போட்டு மேலே எழுது, கழற்றிய போல்ட்டை முடிந்தால் அதே ஓட்டையில் கையால் திருப்பி வைத்துவிடு.

இந்த வாரமே செய்ய வேண்டியது காகித வேலை. டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், உன் பெயருக்கு மாறிவிட்டதா? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதிலுள்ள எண்ணும் டைட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சரிசெய். மூன்று வருட உழைப்பைக் கொட்டிய பிறகு பதிவு செய்ய முடியவில்லை என்று தெரிந்தால் அந்த வேதனையைச் சொல்லி மாளாது.

அதற்கு அடுத்தது பிரேக். இன்ஜின் சத்தத்தைக் கேட்கத்தான் எல்லோருக்கும் அவசரம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிற்கத் தெரியாத வண்டியைக் கிளப்பக் கூடாது. உன் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி ஒரு சின்ன மூடியைத் திறந்தால்தான் பிரேக் ஆயில் ஊற்றும் வாய் தெரியும், அதனால் பல வருடம் யாரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அது ஒற்றைச் சுற்று, அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் குழாய் வெடித்தால் நான்குமே போய்விடும். அதனால் பழுது பார்த்துக் காலம் தள்ளலாம் என்று நினைக்காதே. நான்கு வீல் சிலிண்டரும், எல்லா ரப்பர் குழாயும், மாஸ்டர் சிலிண்டரும் புதிதாகப் போகட்டும். துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் மாற்றிவிடு. தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது, புதியவருக்கு அதுதான் நல்லது. முனையை இரட்டை மடிப்பாக மடிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தைத் தாங்காது. பட்டறையில் நாலைந்து துண்டுக் குழாயில் பழகிவிட்டு வண்டியில் கை வை. பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் வலது பின்சக்கரத்தில் தொடங்கி, இடது பின், வலது முன், இடது முன் என்று வா. 1951-இல்தான் செவர்லே இந்த பிக்கப்புக்குப் பழைய ஹக் வகையை விட்டுவிட்டு பெண்டிக்ஸ் பிரேக்கைக் கொடுத்தது, அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவன். பிற்பாடு கையில் பணம் சேர்ந்ததும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிக்கொள். ஹாட் ராட் ஆக்கும் வேலையில் உன் முதல் மாற்றம் அதுவாகவே இருக்கட்டும்.

பிரேக்கோடு கூடவே முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். லொடலொட என்று ஆடினால் பேரிங்கோ, சக்கரம் திரும்பத் தாங்கும் கிங்பின்னோ தேய்ந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் தேடித் துடைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும் வரை கிரீஸ் அடி. டயரில் பட்டன் (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. இருபது வருடம் கொட்டகையில் கிடந்த டயர் இறுகிப்போய்ப் பக்கவாட்டில் வெடித்திருக்கும், அதில் சாலைக்குப் போகக் கூடாது.

இப்போது இன்ஜின். எடுத்தவுடன் செல்ஃப் அடிக்காதே, அடித்தால் ஒட்டிப்போன பிஸ்டன் ரிங் உடையலாம். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடு. பிளக் இல்லாமலேயே டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டு. இன்ஜின் அசைந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். அசையாவிட்டால் இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை, ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அசைந்த பிறகு அடியிலுள்ள ஆயில் பேனை (எண்ணெய்த் தட்டை) கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த 216 இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டரே கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைத்தது, அதனால் பேனின் அடியில் கறுப்புச் சேறு விரல்கடை உயரம் படிந்திருக்கும். மற்ற இன்ஜின்களில் இது சும்மா அழுக்குதான், 216-இல் ஆபத்து. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு இதில் முழு அழுத்த ஆயில் போவதில்லை. ராடின் அடியிலுள்ள சின்னக் கரண்டி பேனிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். தொட்டியில் சேறு இருந்தால் கரண்டி எதை அள்ளும்? மீட்டரில் ஆயில் அழுத்தம் வெறும் 14, 15 பவுண்டு காட்டினாலும் பயப்படாதே. அந்த மீட்டரே 30 வரைதான் இருக்கும், இந்த இன்ஜினுக்கு அது இயல்பு.

பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடை, புதிய கண்டென்சர் போடு, பிளக் ஒயர்களை 1-5-3-6-2-4 என்ற வரிசையில் மாட்டு. இருபது வருடப் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதை இன்ஜினுக்குள் விடவே கூடாது. உன் வண்டியில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே நிற்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது தனி வேலை. முதல் தடவை கிளப்ப, வெளியே ஒரு சின்ன கேனிலிருந்து புதிய ரப்பர் குழாய் வழியாக பெட்ரோல் கொடு. பழைய குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள் ரப்பரும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் கரைந்து கசியும், அவற்றை நம்பாதே. முதலில் பிளக் இல்லாமல் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். அது ஏறினால் பிளக்கைப் பூட்டிக் கிளப்பு. முதல் புகை வரும்போது உன் அப்பாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள். அதற்கப்புறம் விற்கச் சொல்கிறாரா என்று எனக்கு எழுது.

350 வி8 பற்றி உனக்கு இப்போது சொல்வதைவிட, கீழே டெக்சாஸ்காரருக்குச் சொல்லியிருப்பதைப் படி. கூரை வெட்டும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். கூரையை மூன்று அங்குலம் இறக்கினால் தூண்கள் ஒன்றுக்கொன்று நேராக வராது, கதவுச் சட்டங்களை வெட்ட வேண்டும், எல்லாக் கண்ணாடியையும் புதிதாக அறுக்க வேண்டும், மூலைக் கண்ணாடி வைத்த கேபின் என்றால் வளைந்த கண்ணாடிக்கு எங்கே போவது? முப்பது வருடம் டிங்கரிங் பார்த்தவர்களே யோசித்து யோசித்து வெட்டுகிறார்கள். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்றால் தாழ்ந்த முன் ஆக்சில் என்று தனியாகவே விற்கிறார்கள், உன் லீஃப் ஸ்பிரிங்கிலேயே உட்காரும், வண்டியின் முகம் மூன்று நான்கு அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கைக் காஸ் வைத்துச் சூடாக்கி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, எஃகின் உறுதி போய்விடும்.

கருவி வாங்கும்போது ஒன்றை மறக்காதே. உன் வண்டி முழுக்க அங்குல அளவு. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் போல்ட் தலை வழுக்கி உருண்டு போகும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4, இந்த ஐந்தும் உன் கையை விட்டுப் போகாது.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அவனும் அவன் நண்பனும் பழைய பிக்கப் ஒன்றை வீட்டு கராஜில் வைத்துக்கொண்டு இரவு பகலாகக் கிடக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், தடுக்க மனமில்லை. ஆனால் அவன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு தாய், நியூஜெர்சி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை, கராஜுக்குள் போகும்போது சிலவற்றை மட்டும் பாருங்கள்.

வண்டி ஜாக்கியில் மட்டும் நின்றால் அந்த நிமிடமே பையனை வெளியே வரச் சொல்லுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. இரும்பு ஸ்டாண்டில் சட்டத்தை இறக்கி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, மேலே ஒரு தடவை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் முட்டுக்கு ஆகாது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். தனியாக இருக்கும்போது அடியில் போகக் கூடாது என்றும் ஒரு விதி வையுங்கள்.

அடுத்தது தூசி. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதித் தள்ளுவதுதான் பலருக்குப் பழக்கம், அதை மட்டும் செய்ய விடாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். அந்தக் காலத்து பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் தேய்க்கும்போது ஈரம் வைத்துத் தேய்க்கட்டும், சாதாரணத் துணி முகமூடி போதாது, ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வேலை செய்த சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

வெல்டிங் தொடங்கிவிட்டார்களா என்று கேளுங்கள். பெட்ரோல் டேங்கை, அது பத்து வருடம் காலியாக இருந்தாலும், வீட்டில் வெல்டிங் செய்யக் கூடாது. மிச்சமிருக்கும் ஆவி போதும் வெடிக்க. பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து, சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது ஈரமாக இருக்கும் இரும்பில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. டப்பாவின் மேலேயே குளோரின் கலந்ததா, கலக்காததா என்று போட்டிருப்பார்கள், கலக்காததை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். தீயணைப்பான் ஒன்று கதவுப் பக்கம் தொங்கட்டும், வண்டியின் பின்னால் மாட்டினால் தீ பிடித்த நேரத்தில் எட்டாது.

சாலைக்கு வரும்போது இடுப்பு பெல்ட்டாவது சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தியிருக்க வேண்டும், இந்த வண்டிகள் பெல்ட் இல்லாமலேயே விற்கப்பட்டவை. கிளாசிக் கார்களுக்கான இன்சூரன்ஸில் இளம் ஓட்டுநர்களைப் பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை, அதனால் வண்டி தயாராகும் முன்பே போன் போட்டு விசாரித்து வையுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி முதல் வருடம். 1953 ஃபோர்டு F-100 பிக்கப் ஒன்று, பழைய ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜினோடு கிடைத்திருக்கிறது. ஓடுகிறது, ஆனால் டிராஃபிக்கில் கொதிக்கிறது. எல்லோரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு செவர்லே 350 வி8 போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: ஃபிளாட்ஹெட் இன்ஜினோடு F-100 வந்த முதல் வருடமும் கடைசி வருடமும் அதுதான், 1954-இல் ஃபோர்டு வேறு வி8 கொடுத்துவிட்டது. ஹாட் ராட் உலகத்தையே உருவாக்கிய இன்ஜின் குடும்பம் உங்கள் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு எல்லோரும் போடும் இன்ஜினைப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கொதிப்பதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்குக்குள் இருப்பதால், எரிந்த புகை பிளாக்கைக் குடைந்துகொண்டு தண்ணீர் ஓடும் இடத்தின் வழியாகத்தான் வெளியே போக முடியும். அதாவது புகையின் சூட்டையும் ரேடியேட்டரே சுமக்கிறது. எழுபது வருடத் துருவும் வார்ப்பு மணலும் தண்ணீர்ப் பாதையில் படிந்திருந்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? ரேடியேட்டரை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள், பிளாக்கைப் பல தடவை இரு திசையிலும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், இரண்டு தண்ணீர் பம்ப் இருக்கிறது, இரண்டையும் பாருங்கள், டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கலாம், அதை மெஷின் ஷாப்பில் காந்த முறையில் சோதித்துச் சொல்வார்கள்.

அப்படியும் இன்ஜின் மாற்றியே ஆக வேண்டும் என்றால், இன்ஜின் மட்டும் மாறாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மவுன்ட், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங்குக்கு இடைஞ்சல், 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட், கூடிய வேகத்துக்கு ஏற்ற பிரேக் என்று ஒன்றை இழுத்தால் பத்து வரும். மேலே எழுதிய ஒஹாயோ தம்பிக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய செவர்லேயில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, கியர்பாக்ஸை மாற்றினால் பின் ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்த ஆக்சிலின் பல் விகிதம் 4.11, நெடுஞ்சாலையில் 50 மைலைத் தாண்டினாலே இன்ஜின் கதறும். அவருக்கு என் யோசனை வேறு. 216 ஓய்ந்த பிறகு, 1950-களின் பிற்பகுதியில் வந்த 235 கன அங்குல ஆறு சிலிண்டரைத் தேடட்டும். அது அதே குடும்பம், சில சின்ன மாற்றங்களோடு அதே இடத்தில் உட்காரும், கனெக்டிங் ராடுகளுக்கு முழு அழுத்த ஆயில் உண்டு. அதில் இரட்டைக் கார்பரேட்டரும், மூன்று மூன்று சிலிண்டராகப் பிரித்த புகைக் குழாயும் போட்டால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், வி8 வைத்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆஃபன்ஹவுசர், ஃபென்டன் என்ற பெயர்களில் இதற்கான பாகங்கள் 1950-களிலேயே வந்தவை. ஆக, அதுவும் அசல் ஹாட் ராட்தான்.

கேள்வி: வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? பார்த்த வண்டிகளெல்லாம் வெளியே பளபள என்றுதான் இருக்கின்றன.
— ஒரு வாசகர், மினசோட்டா

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், மூலைகளைப் பாருங்கள். கேபினின் பின் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழேயுள்ள படி, ஓட்டுநர் கால் வைக்கும் தரை, மட்கார்டின் அடி விளிம்பு, இவைதான் முதலில் போகும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போய் இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே இருப்பது தகடு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. விற்பவர் முகம் மாறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவதால் சட்டமே அரித்திருக்கும், அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டுங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். அரிசோனா, நியூமெக்சிகோ பக்கத்து வண்டிகளில் சீட்டும் ரப்பரும் வெயிலில் தீய்ந்திருக்கும், தகடு நன்றாக இருக்கும். சீட்டு தைப்பது சுலபம், தகடு வெட்டி ஒட்டுவது கடினம். தூரமானாலும் அங்கே போய் வாங்குவது லாபம்.

முழுசாக இருக்கிறதா என்பதும் முக்கியம். ஓடாத, அழுக்கான, ஆனால் எல்லாப் பாகமும் இருக்கிற வண்டி, பெயின்ட் அடித்து பாதிப் பாகம் பெட்டியில் இருக்கிற வண்டியைவிட எவ்வளவோ மேல். அரை டன் சுமை வகை வண்டியையே வாங்குங்கள். ஒன்றரை டன் பெரிய லாரிகளில் பல துண்டாகப் பிரியும் சக்கர ரிம் வரும், காற்றடிக்கும்போது வளையம் தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதைத் தொடும் வேலை அனுபவப்பட்ட லாரி டயர்க் கடைக்காரருடையது.

கேள்வி: 1950 செவர்லே, 6 வோல்ட். பேட்டரி புதுசு, கேபிளும் புதுசு, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடவா?
— ஒரு வாசகர், வட கரோலினா

பதில்: கேபிளை எங்கே வாங்கினீர்கள்? கடையில் தொங்குவது 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிள். அதே வேலையைப் பாதி வோல்ட்டில் செய்ய இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அந்த மெல்லிய கம்பியில் பேட்டரியின் சக்தி சூடாகி வீணாகிறது. 1/0 அல்லது 2/0 அளவுக் கேபிள் சொல்லிச் செய்து வாங்குங்கள், விரல் தடிமன் இருக்கும். பேட்டரியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் இடங்களில் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு தெரியத் தேய்த்துவிட்டு முடுக்குங்கள். என் வண்டியும் இப்படித்தான் முனகியது, கேபிள் மாற்றிய அன்றே பட்டென்று எடுத்தது. இதற்காக 12 வோல்ட்டுக்குப் போக வேண்டாம். ஏசி, பெரிய பாட்டுப் பெட்டி என்று ஆசை வந்தால் அப்போது மாற்றலாம்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் கால 6 வோல்ட் ஃபோர்டுகளில் பாசிடிவ்தான் எர்த், செவர்லேயில் நெகடிவ். பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ப்ரைமர் மட்டும் அடித்து, மங்கலாக அப்படியே விட்டு ஓட்டலாமா? அந்தத் தோற்றம்தான் எனக்குப் பிடிக்கிறது.
— ஒரு மாணவி, கலிஃபோர்னியா

பதில்: சாதாரண ப்ரைமர் நுண்ணிய ஓட்டைகள் கொண்டது, ஈரத்தைக் குடிக்கும். ஒரு மழைக்காலம் போனால் அதன் அடியிலேயே துரு பூத்துவிடும். எபாக்சி ப்ரைமர் அடித்து அதன் மேல் மங்கல் பெயின்ட் அடித்தால் நீ நினைக்கும் தோற்றமும் கிடைக்கும், தகடும் தப்பிக்கும். ஆனால் வண்டியில் முதல் பெயின்ட் இன்னும் மிச்சமிருந்தால், அறுபது எழுபது வருட வெயில் தேய்த்த நிறம் அது, தேய்த்து எடுத்துவிட்டால் எந்தக் கடையிலும் திரும்பக் கிடைக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகு பூசி, ஒரு வருடம் அப்படியே ஓட்டிப் பார். அப்புறம் முடிவு செய்.

கேள்வி: தாத்தாவின் பண்ணை நண்பர் கொடுத்த 1949 செவர்லேயில் ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெடல் இருக்கிறது. இடது பக்கம் தரையில் ஒரு பட்டனும் இருக்கிறது. இரண்டும் எதற்கு? சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்கவில்லை.
— 15 வயது வாசகர், அயோவா

பதில்: இடது பட்டன் ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்ற. அந்தச் சின்னப் பெடல்தான் செல்ஃப். சாவியைத் திருகினால் கரன்ட் மட்டும்தான் வரும், வண்டியைக் கிளப்புவது உன் கால். கியரை நியூட்ரலில் வை, சோக்கை இழு, இடது காலால் கிளட்சை மிதி, வலது கால் குதிகால் ஆக்சிலேட்டரிலும் விரல் பக்கம் அந்தப் பெடலிலும் படும்படி வைத்து அழுத்து. முதல் நாலைந்து தடவை கால் தடுமாறும். பிரேக்கை மேலே சொன்னபடி பார்த்துவிட்டாய்தானே?